லைசென்ஸ் பறிபோகும் முன்

(தோட்டக் கிளை உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

 

சம்பளப் பேச்சுவார்த்தையைப் பற்றி அறியவே உங்களில் பலர் வந்திருக்கிறீர்கள். அதைச் செயலாளர் பின்னர் எடுத்துரைப்பார். நமக்கு ஒதுக்கப்பட்ட பொருள் சற்றுக் கசப்பானது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் பிடிபட்ட ஒருவர், தம் லைசென்ஸைக் காப்பாற்றிக்கொள்ள வழக்காட முடியுமா, முடியுமானால் எப்போது, எப்படி என்பதே அது. பின்வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வது தெரிகிறது. சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் காதை மட்டும் இங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு லைசென்ஸ் என்பது சோறு. பால் லோரி ஓட்டுகிறவருக்கும், டிராக்டர் ஓட்டுகிறவருக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வேன்காரருக்கும் அது சோறு என்பதை விளக்க வேண்டியதில்லை. பால் வெட்டுகிறவருக்கும் இன்று அப்படித்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பாதி மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபிறகு, லயத்திலிருந்து வெட்டுமரம் வரை நடந்து போகும் காலம் போய்விட்டது. பஸ் வராத தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் இல்லையென்றால் வேலையில்லை, ஆஸ்பத்திரி இல்லை, கடைகண்ணி இல்லை. கிராணிமார்களுக்குக் காரும் அவ்வாறே. சட்டத்தின் கண்ணில் இவை யாவும் மோட்டார் வாகனங்களே. லோரிக்காரருக்கு ஒரு நீதி, மோட்டார் சைக்கிள்காரருக்கு வேறொரு நீதி என்று கிடையாது.

முதலில் சட்டத்தின் அளவைத் தெரிந்துகொள்வோம். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 45ஏ பிரிவுதான் நம்மவர்களைப் பெரும்பாலும் பிடிக்கும் பிரிவு. நாம் தள்ளாடினோமா, உளறினோமா என்று அது கேட்பதில்லை. உடம்பில் மது எவ்வளவு என்று மட்டுமே கேட்கிறது. முன்பு 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்பது எல்லையாக இருந்தது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குடிபோதை ஓட்டுநர்களால் அடுத்தடுத்து உயிர்கள் பலியாகி, நாடே கொதித்தது. அதன்பின் சட்டம் திருத்தப்பட்டு, 2020 அக்டோபர் 23 முதல் எல்லை மூச்சில் 22, இரத்தத்தில் 50 என்று இறக்கப்பட்டது. தண்டனையோ ஏறியது. முன்பு 1,000 வெள்ளி முதல் 6,000 வெள்ளி வரை இருந்த அபராதம், இப்பொழுது முதல் குற்றத்திற்கே 10,000 முதல் 30,000 வெள்ளி. அதனோடு 2 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். லைசென்ஸ் 2 ஆண்டுக்குக் குறையாமல் பறிக்கப்படும். மறுமுறை பிடிபட்டால் அபராதம் 20,000 முதல் 50,000 வரை, சிறை 5 ஆண்டு வரை, லைசென்ஸ் 5 ஆண்டுக்கு இல்லை.

இந்தக் கணக்கை நம் கூலியோடு வைத்துப் பாருங்கள். 2025ஆம் ஆண்டில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளக்காரருக்கு, மிகக் குறைந்த அபராதமே ஏறத்தாழ ஆறு மாத உழைப்பு. அரிசி வாங்காமல், பிள்ளைக்குப் பால் வாங்காமல் சேர்த்தால் ஆறு மாதம்!

"நாங்கள் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்கள் அல்லவே, இராத்திரி குடிப்போம், காலையில்தானே ஓட்டுவோம்" என்று சொல்பவர்கள் நம்மில் உண்டு. தோட்டத்தில் இதுதான் பெரிய பள்ளம். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மது இரத்தத்திலிருந்து கரைவது மிக மெதுவாக நடக்கும் காரியம். சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம் அளவுதான் குறையும். நள்ளிரவில் ஒருவர் இரத்தத்தில் 150 இருந்தால், காலை ஐந்து மணிக்கு 75 இருக்கும். எல்லையோ 50. அவர் ஐந்து மணி நேரம் அசந்து தூங்கியிருக்கிறார், பல் விளக்கியிருக்கிறார், குளித்திருக்கிறார், திருநீறும் பூசியிருக்கிறார். தமக்குப் போதை தெளிந்துவிட்டதாக மனதார நம்புகிறார். சட்டத்தின் கணக்கில் இன்னும் குற்றவாளியே. கடுங்காப்பி தூக்கத்தைக் கலைக்கும், மதுவைக் கலைக்காது. எலுமிச்சம்பழமும் மோரும் பச்சைத் தண்ணீர்க் குளியலும் அவ்வாறே. நேரம் ஒன்றுதான் மருந்து. ஆபீஸ் வேலைக்காரர் ஒன்பது மணிக்குப் புறப்படுகிறார். நாமோ கோழி கூவும் முன்னே புறப்படுகிறோம். ஆகவே மற்றவர்களைக் காட்டிலும் இந்த ஆபத்து நமக்குத்தான் அதிகம்.

ஒரு பால் லோரி டிரைவரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், எந்தத் தோட்டத்திலும் இருக்கக்கூடியவர். தங்கை வீட்டுக் கல்யாணம். இரவு விருந்தில் பந்தலுக்குப் பின்னால் பியரும் சம்சுவும் ஓடின. பன்னிரண்டு மணிக்குப் படுத்தார். ஐந்தரை மணிக்கு லோரியை எடுத்தார். பெரிய சாலை முனையில் போலீஸ் தடுப்பு. வாயால் ஊதச் சொன்னார்கள், ஊதினார். ஸ்டேஷனுக்கு அழைத்துப்போய் மீண்டும் ஊதச் செய்தார்கள். 30 என்று காட்டியது. பழைய எல்லையாக இருந்திருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார். புதிய எல்லையால் லாக்கப்பில் இருந்தார்.

மறுநாள் கோர்ட்டு. அங்கே அவரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சட்ட நிபுணர்களாகிவிட்டார்கள். "அண்ணே, சாலான்னு சொல்லிடுங்க. அபராதத்தைக் கட்டிட்டு மத்தியானம் வீட்டுக்குப் போயிடலாம். வழக்காடினா மாசக்கணக்கில் இழுக்கும்." குற்றச்சாட்டை மலாய் மொழியில் வாசித்தார்கள். அவர் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தலையை ஆட்டினார். "சாலா" என்றார். பத்தாயிரம் வெள்ளி, இரண்டு ஆண்டு லைசென்ஸ் இல்லை. மனைவியின் நகை அடகுக்கடைக்குப் போயிற்று. அதன் பிறகுதான் சங்கத்தின் நினைவு வந்தது. "ஐயா, எப்படியாவது லைசென்ஸை மட்டும் மீட்டுக் கொடுங்கள்" என்று வந்து நிற்கிறார்.

தோழர்களே, இப்படி வந்து நிற்கிறவருக்குச் சங்கத்தால் செய்யக்கூடியது மிகவும் சொற்பம். இதைத் தயவு தாட்சணியமின்றிச் சொல்லத்தான் இன்று நாம் பேசவே ஒப்புக்கொண்டோம். மாஜிஸ்திரேட் முன்னிலையில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர், தாம் குற்றவாளி அல்ல என்று மேல்முறையீடு செய்ய முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 305ஆம் பிரிவு அந்தக் கதவை மூடிவிடுகிறது. தண்டனை அதிகம், அல்லது தண்டனை சட்டப்படியானதல்ல என்று மட்டுமே முறையிடலாம். இந்த வழக்கிலோ 2 ஆண்டு என்பது சட்டம் போட்ட அடிமட்டம். அடிமட்டத் தண்டனையைப் பெற்றவர் எதைக் குறைக்கச் சொல்லி மேலே போவார்?

"பிழைப்பே வண்டியோட்டுதான், ஐந்து பிள்ளைகள், வயதான தாய், இரக்கம் காட்டுங்கள்" என்று மன்றாடலாமே என்பீர்கள். மன்றாடலாம். அபராதம் பத்தாயிரத்தைத் தாண்டாமலிருக்கவும், சிறை இல்லாமற் போகவும், பறிப்பு இரண்டு ஆண்டோடு நிற்கவும் அது உதவக்கூடும். அந்த அளவுக்கு அதை நன்றாகவே எடுத்துச் சொல்ல வேண்டும். சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், இத்தனை ஆண்டு விபத்தின்றி ஓட்டியதற்கு மானேஜர் தரும் கடிதம், இவற்றையெல்லாம் கொண்டுபோக வேண்டும். அடிமட்டத்தை அது உடைக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

இந்தக் கண்டிப்பு நேற்று வந்ததன்று. நம் நாட்டுச் சாலைச் சட்டங்கள் ஆங்கிலேயர் சட்டத்தின் வழியில் வந்தவை. அங்கே 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடித்து ஓட்டியவரின் லைசென்ஸை "விசேஷக் காரணம்" இருந்தாலொழியப் பறித்தே தீரவேண்டும். விசேஷக் காரணம் என்றால் என்ன? பிழைப்பு போய்விடும் என்பது விசேஷக் காரணம் ஆகாதா? விட்டல் எதிர் கெர்பி என்னும் வழக்கில் 1946ஆம் ஆண்டு தலைமை நீதிபதி கொடார்டு பிரபு இக்கேள்விக்கு விடை சொன்னார். காரணம் குற்றம் நடந்த விதத்தில் இருக்க வேண்டும், குற்றவாளியின் குடும்ப நிலையில் இருந்தால் போதாது என்பது அத்தீர்ப்பின் சாரம். வண்டியோட்டிப் பிழைப்பவர் என்பது சலுகைக்கு உரிமையாகாது என்று ஆயிற்று. பணக்காரருக்கு லைசென்ஸ் போனால் சம்பளத்துக்கு டிரைவர் வைத்துக்கொள்வார், டிரைவருக்கு லைசென்ஸ் போனால் வேலையே போய்விடும். ஒரே தண்டனை இருவர் மேலும் ஒரே கனத்தில் விழுவதில்லை. இது நியாயமா என்று கேட்டால், நமக்கு முழு மனநிறைவு இல்லை என்றே சொல்வோம். ஆனால் கோர்ட்டு வாசலில் நின்றுகொண்டு சட்டம் இப்படி இருந்திருக்கலாமே என்று வருந்துவதால் ஒருவருக்கும் லைசென்ஸ் திரும்பாது.

ஆகவே போராட வேண்டிய காலம் எது? "சாலா" என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்லும் முன். அந்தச் சொல் வாயிலிருந்து வருவதற்கு முன் எல்லாவற்றையும் கேட்கலாம். வந்தபின் மன்னிப்பைத்தான் கேட்கலாம்.

பிடிபட்ட நேரத்திலிருந்து தொடங்குவோம். ஊதமாட்டேன் என்று அடம் பிடிக்காதீர்கள். ஊதாவிட்டால் சாட்சியே இல்லை என்று காப்பிக்கடையில் பாடம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தக்க காரணமின்றி மூச்சோ இரத்தமோ கொடுக்க மறுப்பது 45சி பிரிவின்படி தனிக் குற்றம், தண்டனையும் அதே கனம். சாலையில் கையில் நீட்டும் சிறு கருவி சந்தேகத்தைத் தீர்க்கும் முதல் சோதனைதான். வழக்குக்கு ஆதாரமாவது ஸ்டேஷனில் எடுக்கும் மூச்சு, அல்லது ஆஸ்பத்திரியில் எடுக்கும் இரத்தம். ஸ்டேஷனில் இரண்டு முறை ஊதியிருந்தால், குறைந்த எண்ணைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும், கூடியதை ஒதுக்கிவிட வேண்டும். ஒரு முறை 24, மறுமுறை 21 என்றால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கைது செய்யப்பட்டவருக்கு, எதற்காகக் கைது என்று சொல்லவேண்டியது போலீசாரின் கடமை. வக்கீலை நாடும் உரிமை அரசியலமைப்பின் 5ஆம் விதியிலேயே உண்டு. மாஜிஸ்திரேட்டின் அனுமதியின்றி 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. விசாரணையைத் தொடங்குமுன் உறவினருக்கும் வக்கீலுக்கும் செய்தி சொல்ல இடங்கொடுக்க வேண்டும் என்பது 2007ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அந்த ஒரு டெலிபோன் அழைப்பை வீட்டுக்காரம்மாளுக்குச் செய்யுங்கள், அவர் கிளைச் செயலாளருக்குச் சொல்லட்டும். தாய்மார்களே, இது உங்களுக்காகச் சொல்வது. அழுது முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று காலையாகும் வரை காத்திருக்க வேண்டாம். நள்ளிரவானாலும் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள், அதற்காகத்தான் அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

வெளியே வந்தவுடன் நினைவு மங்கும் முன் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். எத்தனை மணிக்கு நிறுத்தினார்கள், எத்தனை மணிக்கு ஊதச் செய்தார்கள், எத்தனை முறை, என்ன எண் காட்டியது, அச்சிட்ட சீட்டைக் காட்டினார்களா, கையெழுத்து வாங்கினார்களா, யார் உடனிருந்தார். எழுதப் பழக்கமில்லாதவர் சொல்லச் சொல்ல எழுதித் தர வேண்டியவர்கள் கிராணிமார்கள். சங்கம் உங்களிடம் பணம் கேட்கவில்லை, ஒரு மணி நேரமும் ஒரு பேனாவும் கேட்கிறது. வக்கீலுக்குக் கண்ணாக இருப்பது இந்தத் தாள்தான். அவர் அதை வைத்துத்தான் சோதனை முறைப்படி நடந்ததா, கருவி முறையானதா, இரத்தம் எடுத்தவர் அதற்கு உரியவர்தானா, எண்ணும் பெயரும் மாறிப் போகவில்லையே என்றெல்லாம் கேட்பார். இப்படிக் கேட்பது குறுக்குவழி ஆகாது. ஒருவரைத் தண்டிக்கும் முன் குற்றத்தை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்புக்கு இருக்கிறது.

தோட்டக்காரர்களுக்கென்றே ஒரு கேள்வி உண்டு. நகரத்து வக்கீல்களுக்கு நாம்தான் அதை நினைவூட்ட வேண்டும். எங்கே பிடித்தார்கள்? 45ஏ பிரிவு பேசுவது "சாலை அல்லது பொது இடம்" பற்றி. அரசாங்கம் பராமரிக்கும் பாதையும் பொதுமக்கள் வந்துபோகும் பிற பாதையும் சட்டத்தில் "சாலை" ஆகும். அப்படியானால் தோட்டத்து உட்பாதை சாலையா? அது அந்தந்த இடத்தின் நடப்பைப் பொறுத்தது. கேட்டுப் போட்டு, காவற்காரர் நின்று, வெளியார் எவரையும் விடாத பாதையென்றால் சாலையல்ல என்று வாதாட இடமுண்டு. பக்கத்துக் கம்பத்து மக்கள் குறுக்கே போகிறார்கள், கோயிலுக்கு வெளியூர்க் கார்கள் வருகின்றன, ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் தினம் சுற்றுகிறார் என்றால், அதைப் பொதுமக்கள் பாதை என்றே கோர்ட்டு கொள்ளக்கூடும். ஆகவே உட்பாதையில் நடந்த வழக்கானால், கேட் இருக்கிறதா, பலகை இருக்கிறதா, யார் யார் போகிறார்கள் என்பதைப் படம் எடுத்து வையுங்கள். இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் தோட்டத்துக்குள் குடித்துவிட்டு ஓட்டலாம்" என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லயத்து வாசலில் விளையாடுகிற பிள்ளைக்கு அது பொதுப்பாதையா தனிப்பாதையா என்று தெரியாது.

இன்னொன்று. ஓட்டினால் மட்டும் குற்றம் என்பதில்லை, ஓட்ட முயல்வதும், வண்டியைத் தம் பொறுப்பில் வைத்திருப்பதும் அப்பிரிவுக்குள் வரும். போதையில் லோரிக்குள் ஏறி, சாவியைப் போட்டு, குளிர்ச்சிக்காக எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குகிறவர் தாம் புத்திசாலித்தனம் செய்ததாக நினைக்கிறார். சாலையோரத்தில் அப்படிக் கிடந்தால் அவரும் மாட்டலாம். சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டுத் திண்ணையில் படுப்பதே மேல்.

கோர்ட்டில் மொழி விளங்கவில்லையென்றால், "விளங்கவில்லை, தமிழில் சொல்லுங்கள்" என்று வாய் திறந்து கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதில் வெட்கமில்லை. வக்கீல் வரும்வரை தவணை கேளுங்கள். வக்கீலுக்குப் பணமில்லாதவர்களுக்கு, 2011இல் அமைக்கப்பட்ட யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆன், அதாவது தேசியச் சட்ட உதவி அறநிறுவனம், வருமான வரம்புக்கு உட்பட்டுக் குற்ற வழக்குகளில் வக்கீல் தருகிறது. வக்கீல் மன்றத்தின் சட்ட உதவி நிலையங்களும் உண்டு. வக்கீல் கேட்டுப் பார்த்து, "சாட்சியம் பலமாக இருக்கிறது, ஒப்புக்கொள்வதே நல்லது" என்று சொல்லக்கூடும். அப்பொழுது ஒப்புக்கொள்ளுங்கள். எண் தெளிவாக இருக்கிறது, முறை தவறவில்லை, இடமும் பெரிய சாலை என்றால், வீம்புக்காக வழக்காடுவது காசைக் கரியாக்குவதுதான். தெரிந்து ஒப்புக்கொள்வது வேறு, பெஞ்சிலிருந்தவர் சொன்னார் என்று ஒப்புக்கொள்வது வேறு.

வழக்காடித் தோற்றால், தீர்ப்பு நாளிலிருந்து 14 நாட்களுக்குள் மேல்முறையீட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பதினைந்தாம் நாள் வந்து அழுதால் பெரிய கோர்ட்டுக்குக் காது கேட்காது. மேல்முறையீடு செய்துவிட்டோம், ஆகையால் லைசென்ஸ் திரும்பிவிட்டது என்றும் எண்ண வேண்டாம். முறையீடு செய்வதால் மட்டும் தண்டனை நின்றுவிடாது. அதை நிறுத்திவைக்கும்படி கோர்ட்டைத் தனியே கேட்டு உத்தரவு வாங்க வேண்டும். இதை மறந்து வண்டியை எடுத்து, பறிப்புக் காலத்தில் ஓட்டிய புதுக் குற்றத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

காப்பிக் காசு பற்றியும் ஒரு வார்த்தை. தடுப்பில் நிற்கும்போது ஐம்பது வெள்ளியை லைசென்ஸுக்குள் மடித்து நீட்டுவது சிலருக்கு வழக்கம். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின்படி இலஞ்சம் கொடுப்பவருக்கும் 20 ஆண்டு வரை சிறை உண்டு. இரண்டு ஆண்டு லைசென்ஸுக்குப் பயந்து அந்தக் குழியில் விழவேண்டாம்.

இனி வேலையைப் பற்றி. இங்கேதான் சங்கம் நேரே களத்தில் இறங்க முடியும். கைதானவுடனே நிர்வாகம் "நாளை முதல் வரவேண்டாம், வீட்டையும் காலி செய்" என்று சொல்லக்கூடும். கைது என்பது தீர்ப்பு ஆகாது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, முறையான விசாரணைக்குப் பின்னரே ஒழுங்கீனத்துக்காக வேலைநீக்கம் செய்யலாம் என்கிறது. விசாரணைக்காக நிறுத்திவைத்தால் அது இரண்டு வாரத்துக்கு மேற்படக்கூடாது, அந்நாட்களுக்குப் பாதிச் சம்பளமாவது கொடுத்தே ஆகவேண்டும். விசாரணைக்குக் கடிதம் வந்தால் தனியே போய் உட்கார்ந்து, வைத்த தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். அதைக் கிளைக்குக் கொண்டுவாருங்கள். லைசென்ஸ் போன டிரைவருக்கு வேறு வேலை கொடுக்க முடியுமா என்பதுதான் நாம் அங்கே முதலில் எழுப்பும் கேள்வி. ஸ்டோரில் ஆள் தேவை, நாற்று மேடையில் ஆள் தேவை, பால் வெட்டவே ஆள் கிடைக்கவில்லை என்று நிர்வாகமே வெளிநாட்டாரைத் தேடுகிறது. இருபது ஆண்டு உழைத்தவருக்கு இரண்டு ஆண்டு வேறு வேலை கொடுக்க இடமில்லையா?

அப்படியும் வேலைநீக்கம் செய்துவிட்டால், 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். 2021 முதல், சமரசம் ஏற்படாவிட்டால் தலைமை இயக்குநரே வழக்கைத் தொழில் நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார், முன்போல் அமைச்சரின் முடிவுக்குக் காத்திருப்பதில்லை. ஆனால் அந்த 60 நாள் கண்டிப்பான கெடு. "மானேஜர் மனம் இளகுவார், தீபாவளிக்குப் பிறகு கூப்பிடுவார்" என்று காத்திருந்து அதைக் கோட்டைவிடாதீர்கள்.

செயலவையில் இதைப் பேசியபோது ஒரு மூத்த தோழர் எழுந்து, "குடித்தவனுக்குச் சங்கத்துப் பணமா? குடிக்காத என் சந்தாவை அதற்கா கொடுத்தேன்?" என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் முன்னோர் கள்ளுக்கடையை எதிர்த்தவர்கள். 1946, 47ஆம் ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை வாசலில் நின்று மறித்தார்கள், அடியும் பட்டார்கள். கூலியாய்க் கொடுத்த காசு அன்று மாலையே கள்ளுக்கடை வழியாகத் தோட்டத்துக்குத் திரும்பிப் போனதை அவர்கள் கண்கூடாகக் கண்டவர்கள். அந்த வழியில் வந்த நாம் குடிக்குக் குடை பிடிக்க முடியாது.

அவருக்கு நாம் சொன்ன விடை இது. சங்கம் குடியை ஆதரித்து வழக்காடுவதில்லை. உறுப்பினர் ஒருவர் விளங்காத மொழியில் விளங்காத குற்றத்தை ஒப்புக்கொண்டு, விசாரணையின்றி வீட்டைவிட்டு வெளியே தள்ளப்படுவதைத்தான் எதிர்க்கிறது. அந்த லயத்து வீட்டில் இருப்பவர் குடித்தவர் ஒருவர் மட்டுமல்லர். குடிக்காத மனைவியும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் ஓர் எல்லையும் உண்டு. போதையில் ஓட்டி ஓர் உயிரைக் கொன்றவர் 44ஆம் பிரிவில் நிற்பார். அங்கே தண்டனை 10 முதல் 15 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், லைசென்ஸ் குறைந்தது 10 ஆண்டுக்கு இல்லை. அவருக்கும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, சட்ட உதவி நிலையத்துக்கு வழிகாட்டுவோம். சங்கத்துப் பணத்திலிருந்து தரமாட்டோம். செத்தவரும் பெரும்பாலும் நம்மைப் போன்ற மோட்டார் சைக்கிள்காரராகவே இருப்பார். இம்முடிவைச் செயலவை ஒரு மனதாக எடுக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். கூட்டத்தார் மாற்றுக் கருத்திருந்தால் இன்றே சொல்லலாம்.

லைசென்ஸ் பறிபோன தோழர்கள் இந்தத் தோட்டத்திலும் இருக்கக்கூடும். இருந்தால் அவர்களுக்கு: அந்த இரண்டு ஆண்டும் மோட்டார் சைக்கிளும் ஓட்டக்கூடாது. "கடைவரைக்கும்தானே" என்று எடுக்காதீர்கள். அப்படி ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார், நஷ்டஈடு உங்கள் தலையில் விழும். பக்கத்து வீட்டாரும் இதில் ஒரு கை கொடுக்க வேண்டும். காலையில் வேலைக்குப் போகும்போது பின்னால் ஒருவரை ஏற்றிக்கொள்வதால் பெட்ரோல் அதிகம் ஆகிவிடாது.

கடைசியாகச் செயலவை கொண்டுவந்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்லி உட்காருகிறோம். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா ஆகிய இரவுகளில் மறுநாள் லோரி எடுக்க வேண்டிய டிரைவருக்குப் பதிலாக, குடிக்காத வேறொரு டிரைவர் முறை வைத்து ஓட்டுவது. லைசென்ஸ் வகை பொருந்த வேண்டும் என்பதால், சரக்கு லோரிக்குரிய ஜி.டி.எல். உள்ளவர்களின் பட்டியல் தனியே தேவை. முறை மாறுவதற்குச் சம்பளம் பிடிக்கக்கூடாது என்று நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் நாமே தொடங்கிவிடலாம். பெயர் கொடுக்க விரும்புகிற டிரைவர்கள், கூட்டம் முடிந்ததும் வாசலருகே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் துணைச் செயலாளரிடம் சொல்லுங்கள். லைசென்ஸ் எண்ணும், அது முடிகிற தேதியும் அவருக்கு வேண்டும். இன்று கையில் இல்லாதவர்கள் நாளை பெரட்டுக்கு வரும்போது கொண்டுவந்து காட்டலாம்.